பஸ்ஸை விட்டவரின் சிங்கம்

சிற்பிக்குக் கலைக்கழகத் தலைவர் மீது கோபம் என்று சொன்னால் அது கோபத்தைக் கேவலப்படுத்துவது. கோபம் வரும், கத்தும், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போய்விடும். இது அந்த ரகம் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் தலைவரின் முகத்தையும் வரவழைத்து, வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு கணம் நின்று, பிறகு குறி பார்த்துத் துப்புகிற அளவுக்கு வளர்த்து ஆளாக்கிய பகை.

ஆரம்பம் ஒரு நாய். வெண்கல நாய். வேட்டை நாய் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகிற ஒரு நொடி உண்டு. அதற்கு ஒரு இமைப்பொழுது முந்தைய நிலையைச் சிற்பி பிடித்திருந்தார். பின்னங்காலின் ஒரே ஒரு விரல் மட்டும் பீடத்தில் தொட்டுக்கொண்டிருக்க, மொத்த வெண்கலமும் அந்த விரலில் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த விரலுக்குள் எஃகுக் கம்பி கொடுத்து, எடையைச் சரிக்கட்டி, மூன்று முறை வார்த்து மூன்று முறை உடைத்து, நான்காவதில்தான் நாய் அவர் சொன்னபடி கேட்டது.

கண்காட்சியைத் திறந்துவைக்கக் கலைக்கழகத் தலைவர் வந்தார். ஊரில் எந்த நாடாவை யார் கட்டினாலும் வெட்டுவது அவர்தான். நாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

“இந்த நாய் ஓடுதுன்னு தம்பி சொல்றாரு. நான் பெரிய கலைஞன் எல்லாம் இல்ல, சாதாரண ரசிகன். எனக்கு என்னமோ இது பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

கூடம் அதிர்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் நாயைப் பார்க்கவே இல்லை, தலைவரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகையில் நாயின் படம் வரவில்லை, பஸ் வந்தது. அன்றிலிருந்து சிற்பிக்கு ‘பஸ்ஸை விட்டவர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், சாவு வீட்டில்கூட யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், “அதோ, பஸ்ஸ விட்டவரு” என்று அறிமுகம் செய்துவைப்பார். மனைவியின் தம்பி ஒருமுறை மறந்துபோய் நேரிலேயே, “வாங்க பஸ்… வாங்க மாமா” என்று கூப்பிட்டான். அவனுக்கு அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

இதெல்லாம் போக, ‘தம்பி’ வேறு. வயதில் சிற்பிதான் மூத்தவர்.

இப்படி இருக்கும்போதுதான் தலைவரே பட்டறைக்கு வந்து நின்றார். கலைக்கழகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. முன்கூடத்தில் வைக்க ஒரு சிங்கம் வேண்டுமாம்.

“நடக்குற சிங்கம் தம்பி. உக்காந்த சிங்கம் எல்லா இடத்துலயும் இருக்கு. உள்ள வர்றவன் பாத்த உடனே, ஒரு ஆளுமை நம்மள நோக்கி வருதுன்னு நினைக்கணும்.”

எந்த ஆளுமை என்று சிற்பி கேட்கவில்லை. அவசியம் இல்லாதபடி தலைவர் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

“குழுவுல வேற பேரெல்லாம் சொன்னாங்க. நான்தான் உங்களையே கேப்போம்னேன். அன்னைக்கு நான் பண்ணின விமர்சனத்துக்கு அப்புறம் தம்பி ரொம்ப முன்னேறியிருக்காரு, எனக்குத் தெரியும்னு சொன்னேன்.”

சிற்பியின் கையில் அப்போது அரம் இருந்தது. அதைக் கீழே வைத்தார். ஒரு மனிதன் அரத்தைக் கீழே வைப்பதற்கும் நாகரிகம் என்றுதான் பெயர். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தவர், தலைவர் விடைபெற்று வாசலை நோக்கி நடப்பதைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அதை நடை என்று சொல்வதைவிட ஊர்வலம் என்று சொல்லலாம். நெஞ்சு முதலில் போகும், தட்டில் வைத்து யாரோ ஏந்திப் போவதுபோல. கைகள் இரண்டும் அக்குளில் முட்டை வைத்திருப்பவர்போல உடம்பை விட்டு விலகியிருக்கும். வலது பாதம் தரையைத் தொடுமுன் பெருவிரலால் ஒரு சோதனை போடும், குளிக்கிற வெந்நீரில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நிறுத்தம். சில அடிகளுக்கு ஒருமுறை நின்று, மோவாயை அரை வட்டம் திருப்பி, வணக்கம் சொல்பவர்களுக்கு அவகாசம் கொடுப்பார். பட்டறையில் வணக்கம் சொல்ல யாரும் இல்லை. ஒரு மண் மூட்டையும் தகர டிரம்மும் இருந்தன. தலைவர் அவற்றின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு நகர்ந்தார். பின்னாலேயே கோப்புகளை அணைத்துக்கொண்டு அவருடைய செயலாளர் அம்மாள் போனாள். வருடக்கணக்கான பழக்கத்தில், அவர் நின்றால் அவளும் நின்றாள், இழுவை வண்டிபோல. முதுகில் முட்டி முட்டிக் கற்ற பாடமாக இருக்கும்.

“செஞ்சுடலாம் தலைவரே,” என்று சிற்பி உரக்கச் சொன்னார். “நடக்குற சிங்கம்தானே? நடக்கவே வச்சிடறேன்.”

திட்டம் எளிமையானது. சிங்கம் அசல் சிங்கமாகவே இருக்கும். பிடரி, நகம், வால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நடக்கிற நடை தலைவரின் நடையாக இருக்கும். அவர் ஆசைப்பட்டுக் கேட்ட சிலை, அவருடைய கட்டடம், அவர் கையாலேயே திறப்புவிழா. திரை விலகியதும் கூட்டம் சிங்கத்தைப் பார்க்கும், தலைவரைப் பார்க்கும், மறுபடி சிங்கத்தைப் பார்க்கும். அப்புறம் சிரிக்கும். வெண்கலத்துக்கு ஆயுள் அதிகம். தலைவர் ஓய்வுபெற்று, செத்து, சாம்பலாகி, பெயரும் மறந்துபோன பிறகும் அந்த நடை அங்கே நின்று சிரிப்புக் காட்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு ஒரு நிமிஷம் பேசினதுக்கு நீங்க ஒரு வருஷம் செலவழிக்கப் போறீங்களா?”

“ஒரு வருஷம் என்ன, ஆயுசே போனாலும் சரி.”

“ஆயுசு போகட்டும். அந்தக் குழாய் சொட்டுது, அத முதல்ல பாருங்க.”

சிற்பிக்கு ஒரு கொள்கை உண்டு. விலங்கின் அசைவைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்ய முடியாது; கண்ணுக்கும் கைக்கும் நடுவில் அது இடுப்பு வழியாகப் போய்வர வேண்டும் என்பார். குதிரை செய்தபோது குதிரைபோல நடந்து பார்த்தார். நாரை செய்தபோது பட்டறையில் ஒற்றைக் காலில் நின்று விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். எடை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது என்பதைத் தன் உடம்பு கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மண்ணைத் தொடுவார்.

ஆகவே தலைவராக நடக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கலைக்கழகத்தின் கூட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. கவிதையில் ஒழுங்கு பற்றி, கண்ணாடி ஓவியம் பற்றி, கலையில் மௌனத்தின் பங்கு பற்றி மூன்று மணி நேரம் பேசிய சொற்பொழிவு என்று எல்லாவற்றுக்கும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் மேடைக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பார், நடுவில் தூங்குவார். தன் சீடர் கூட்டத்தில் ஒருவர் சேர்ந்துவிட்டதாகத் தலைவர் நினைத்து, ஒருநாள் தோளில் தட்டியும் கொடுத்தார். அந்தச் சட்டையைச் சிற்பி இரண்டு முறை துவைக்கப் போட்டார்.

தினமும் காலையில் பட்டறைக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் பயிற்சி. நெஞ்சைத் தட்டில் வைப்பார். அக்குளில் முட்டை வைப்பார். பெருவிரலால் வெந்நீர் பார்ப்பார். நிற்பார். மோவாயைத் திருப்பித் தகர டிரம்மின் வணக்கத்தை ஏற்பார். முதல் மாதம் இடுப்பு வலித்தது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. ஒருநாள் காபி கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருங்க அது? என் புருஷன எங்க காணோம்?”

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. முதல்ல போகச் சொல்லுங்க. பாத்தா பத்திக்கிட்டு வருது.”

அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

பிறகு கம்பியை வளைத்துச் சட்டகம் கட்டினார். களிமண்ணை அப்பினார். அங்கேதான் சிக்கல் முளைத்தது. தலைவரின் நடைக்கு உயிர்நாடி அந்த நிறுத்தம். ஆனால் நிறுத்தம் என்பது காலத்தில் நடக்கிற சங்கதி. முன்னால் நான்கு அடி, பின்னால் நான்கு அடி இருந்தால்தான் நடுவில் நின்றது தெரியும். வெண்கலத்துக்கு வாய்த்தது ஒரே ஒரு கணம். நிற்கிற கணத்தைப் பிடித்தால் நிற்கிற சிங்கம்தான் கிடைக்கும். நாளைக்கே தலைவர் மைக்கைப் பிடித்து இந்தச் சிங்கத்தையும் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிவிடுவார். அசைவைக் காட்ட ஒரே வழி, எடை பழைய காலை விட்டுக் கிளம்பி, புதிய காலுக்கு வந்து சேராத இடைவெளியைப் பிடிப்பது. பார்க்கிறவன் மனம் மிச்சத்தை நடந்து முடித்துக்கொள்ளும்.

அந்த இடைவெளியைத் தேடி மண்ணைப் பிசைந்தார். காலையில் அரை மணி தலைவராக நடப்பார். மீதிப் பொழுதெல்லாம் சிங்கத்தைச் சுற்றி நடப்பார், கிட்டே போவார், பின்வாங்கி எட்டத்திலிருந்து பார்ப்பார், மறுபடி ஓடிப்போய் ஒரு பிடி மண்ணைச் சுரண்டுவார். தோள்பட்டை சரியில்லை என்று தோன்றும். கை தானாகப் போய் இடது தோளைக் கொஞ்சம் இறக்கும். இப்போது சரி. தலை போதவில்லை. கழுத்தை முன்னால் நீட்டுவார். இப்போது பிரமாதம். வலது பின்னங்காலை வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசிவிட்டார், சிங்கம் கிளம்பிவிட்டது. சிற்பிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தோளில் எவ்வளவு அலட்சியம்! கழுத்தில் எவ்வளவு அதிகாரம்! காலில் எவ்வளவு திமிர்!

“மாட்டினடா மவனே,” என்று சிங்கத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். சிங்கத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அய்யய்யோ! அப்படியே இருக்குங்க!”

“தெரியுதா?”

“தெரியாம என்ன? ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கே தெரியணும்,” என்றார் சிற்பி. அதற்குமேல் பேச்சு வளரவில்லை. அவளுக்கு உலையில் அரிசி. அவருக்குத் தொண்டையில் ஆனந்தம்.

வார்ப்புக்காரர் வந்தார். சிற்பிக்குப் பல வருடப் பழக்கம். நெருப்போடு வேலை செய்கிறவர்களுக்கே உரிய சத்தமான குரல். மண்ணிலிருந்து மெழுகுக்கு மாற்றி, மெழுகின் மேல் சுடுமண் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, காலியான வயிற்றில் வெண்கலத்தை ஊற்றுகிற வேலை அவருடையது. மெழுகுச் சிங்கத்தைக் கண்டதும் அவர் தொடையில் தட்டினார்.

“அண்ணே! இது நடக்குதுண்ணே! எனக்கு இந்த நடை நல்லாத் தெரியும்.”

“சத்தம் போடாதய்யா. விழா வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத.”

“நான் ஏன் சொல்றேன்? உங்க தைரியம் யாருக்கு வரும்?”

உலையில் வெண்கலம் கொதித்து, பச்சைச் சுடர் விட்டு, ஆரஞ்சுக் குழம்பாக அச்சுக்குள் இறங்கியபோது சிற்பி பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். “குடி,” என்று முணுமுணுத்தார். “நல்லா குடி. இனிமே நீ நெனச்சாலும் மாத்த முடியாது.” பக்கத்தில் நின்ற வார்ப்புக்காரர், அண்ணன் அச்சுக்கு ஏதோ வேண்டுதல் வைக்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. புதுக் கட்டடத்தின் முன்கூடம் பெயிண்ட் வாசனையோடு நிரம்பியிருந்தது. ஓவியர்கள், ஓவியர்களின் சம்பந்திகள், பத்திரிகைக்காரர்கள், எதற்கும் வருகிறவர்கள். கூடத்தின் ஒரு கோடியில் மேடை. மேடைக்குக் கீழே நீலத் துணி போர்த்திய சிங்கம். சிற்பி, மனைவி, வார்ப்புக்காரர் மூவருக்கும் மறுகோடியில், கதவோரமாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். சிலை செய்தவனைக் கிட்டே உட்காரவைத்தால் படத்தில் விழுந்துவிடுவான் அல்லவா?

தலைவர் கயிற்றை இழுத்தார். துணி சரிந்தது.

முதலில் ஒரு மூச்சிழுப்பு. சிங்கம் அசல் சிங்கமாக, தோள் இறங்கி, கழுத்து நீண்டு, பின்னங்கால் வீசி, கூட்டத்தை நோக்கி நடந்து வந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு எங்கிருந்தோ ஒரு கிளுகிளுப்பு. அது பக்கத்து நாற்காலிக்குத் தாவியது. வரிசை வரிசையாகப் பரவியது. கூடமே சிரித்தது.

சிற்பி கண்ணை மூடிக்கொண்டார். நாயே, கேட்டாயா என்று மனசுக்குள் தன் வேட்டை நாயிடம் சொன்னார். கண்ணைத் திறந்து, தலைவரைப் பார்க்கிற முகங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். முகங்கள் தெரிந்தன. எல்லாம் நேருக்கு நேராகத் தெரிந்தன. ஏனென்றால் அத்தனை பேரும் பின்னால் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் நாற்காலியிலிருந்த ஓவியர் எட்டி அவருடைய கையைக் குலுக்கினார்.

“பிரமாதம் சார்! தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்க ஒரு மனசு வேணும்.”

“யாரை?” என்றார் சிற்பி.

“உங்களத்தான்,” என்றாள் மனைவி. “என்னங்க முழிக்கிறீங்க? கேஸ அணைச்சோமா இல்லையான்னு பாதித் தெருவுல இருந்து திரும்பி வருவீங்களே, அந்த நடைதானே இது? தோளு ஒரு பக்கம் சாய்ஞ்சு, கழுத்து முன்னால போயி, காலு கோணலா.”

“அன்னைக்கு அப்படியே இருக்குன்னு சொன்னியே!”

“அப்படியேதானே இருக்கு?”

“நான் அந்த ஆளு மாதிரி இருக்குன்னு நினைச்சேன்!”

“அந்த ஆளு எதுக்கு என் அடுப்படிக்கு ஓடி வரப்போறாரு?”

சிற்பி வார்ப்புக்காரர் பக்கம் திரும்பினார். அவர் மேலே விளக்கைப் பார்த்தார். “நீங்க தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நினைச்சேண்ணே. தைரியம்னு கூடச் சொன்னேனே.”

தன் நடையை எவனும் பார்த்ததில்லை. அவன் பின்னால் போகிறவர்கள்தான் பார்க்கிறார்கள். சிற்பி தலைவரை நினைத்துத் தோளை இறக்கியிருக்கிறார். கை மட்டும் நாளெல்லாம் சிங்கத்தைச் சுற்றி நடந்தவனின் தோளை எடுத்துப் போட்டிருக்கிறது. அலட்சியம், அதிகாரம், திமிர் என்று அவர் ரசித்துச் சேர்த்ததெல்லாம் சொந்தச் சரக்கு. அதுவும் எதிரியின் கூடத்தில், ஆயுளுக்கும்.

மேடையில் தலைவர் மைக்கைத் தட்டினார். சிரிப்பு எதற்கென்று செயலாளர் அம்மாள் காதில் சொல்லியிருந்தாள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“தம்பி தன்னையே சிங்கமா நினைச்சிருக்காரு. நினைக்கட்டும், தப்பில்ல.” ஒரு இடைவெளி விட்டார். “அன்னைக்குப் பஸ்ஸ விட்டவரு. இன்னைக்கு நடந்தே வந்து சேந்துட்டாரு!”

கூரை பறந்தது. முன்பு சிரித்ததெல்லாம் ஒத்திகை. ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அந்த ஒரு வாக்கியம் நாளைக்குப் பத்திரிகையில் வரும், கல்யாண வீட்டுக்குப் போகும், சாவு வீட்டுக்குப் போகும் என்று சிற்பிக்குத் தெரிந்தது. பழைய பெயர் செத்துப்போவதற்குள் புதுசு பிறந்துவிட்டது.

“வாங்க தம்பி, மேடைக்கு வாங்க. அம்மா, அவரக் கூட்டிட்டு வாங்க.”

செயலாளர் அம்மாள் பூங்கொத்தோடு கதவோரம் வந்தாள். சிற்பி எழுந்தார். அவருக்கும் மேடைக்கும் நடுவே நீளமான வழி, இரண்டு பக்கமும் தலைகள். மறுகோடியில் வெண்கலச் சிங்கம் அவருடைய நடையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் நடந்து வருவதற்காகக் கூடம் காத்திருந்தது. ஒத்துப்பார்க்க வேண்டுமே! ஒரு பத்திரிகைக்காரன் இரண்டும் ஒரே படத்தில் விழும்படி கீழே குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

முதல் அடியை எடுத்துவைக்கப் போனவர் அப்படியே விறைத்தார். இடது தோள் இறங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்தார். கழுத்து முன்னே போகப் பார்த்தது. உள்ளே வாங்கினார். என்ன ஆனாலும் சரி, அந்த நடை நடக்கக்கூடாது. வேறு எப்படியாவது நடக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதனுக்கு எத்தனை நடை தெரியும்?

அவருக்கு இன்னொன்று தெரியும். மாதக்கணக்காகத் தினமும் அரை மணி நேரம் அதைத்தான் உடம்புக்குப் புகட்டியிருந்தார். மனசு யோசித்து முடிப்பதற்குள் இடுப்பு முடிவெடுத்துவிட்டது.

நெஞ்சு தட்டில் ஏறியது. முட்டைகள் அக்குளுக்கு வந்தன. வலது பெருவிரல் கூடத்தின் பளிங்கைத் தொட்டு வெந்நீர் பார்த்தது. சிற்பி நான்கு அடி நடந்தார். நின்றார். மோவாயை அரை வட்டம் திருப்பி, யாரும் சொல்லாத வணக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

பின்னால் வந்த செயலாளர் அம்மாளும் நின்றாள்.

யாரும் சொல்லி நிற்கவில்லை அவள். முதுகுக்கு ஒரு சாண் பின்னால், பூங்கொத்தைக் கோப்புபோல அணைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நின்றாள். சிற்பி கிளம்பினார். அவள் கிளம்பினாள். சிற்பி நின்றார். அவள் நின்றாள்.

கூடத்தில் சிரிப்பு சட்டென்று அறுந்தது. எல்லோரும் இந்த ஊர்வலத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து மரத்துப்போய், அப்படி ஒன்று இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. இப்போது அது தவறான ஆள் மேல் வந்து உட்கார்ந்ததும் கண் திறந்துகொண்டது. முன்வரிசைப் பெண்மணி மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். யாரோ, “அட, தலைவரு!” என்றார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் சிற்பி ஒரு தூணின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டபோது, கூடம் இதுவரை அறியாத ஒரு சிரிப்பைச் சிரித்தது. செயலாளர் அம்மாள் அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உணர்ந்தாள். பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

தலைவருக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காத ஒரே ஆள் அவர்தான். தன் நடையை அவரும் பார்த்ததில்லையே. நல்ல விழா, நல்ல கூட்டம், நல்ல உற்சாகம் என்று நினைத்தவர், சிற்பியைத் தழுவிப் படம் எடுத்துக்கொள்வதற்காக மேடையிலிருந்து இறங்கி எதிரே நடந்து வந்தார். நெஞ்சு முன்னால், கைகள் விலகி, பெருவிரல் சோதனை. நான்கு அடி. நின்றார்.

எதிரே சிற்பியும் நின்றார். இரண்டு மோவாய்களும் ஒரே நேரத்தில் திரும்பின.

நாற்காலிகள் விழுந்தன. வார்ப்புக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். தலைவர் சிற்பியைப் பார்த்தார், தன் பெருவிரலைப் பார்த்தார், மறுபடி சிற்பியைப் பார்த்தார். ரத்தம் மேலே ஏறுவது கழுத்துப் பட்டைக்கு மேல் தெளிவாகத் தெரிந்தது. நடந்து போய்விட நினைத்தார். கால் தானாக நின்றது. நிற்காமல் போக வேண்டும் என்று பிடிவாதமாக வேகத்தைக் கூட்டினார், அது ஓட்டமாகிவிட்டது. கலைக்கழகத் தலைவர், கைகளை உடம்பை விட்டு விலக்கி வைத்தபடியே, பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினார். ஓடுகிறார் என்பதில் இந்த முறை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிற்பிக்கு அந்த இன்பம் தெரு முனை வரை நீடித்தது.

“என்ன நின்னுட்டீங்க?” என்றாள் மனைவி.

“நிக்கலையே.”

“நின்னீங்க. அந்த விளக்குக் கம்பத்துக்குத் தலைய வேற ஆட்டுனீங்க.”

மறுபடி நடந்தார். நான்கு அடியில் கால் நின்றது. சிரித்துக்கொண்டே உதறினார். அடுத்த நான்கில் மறுபடி நின்றது. வீட்டு வாசல் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தன் பழைய நடையை நினைத்து நினைத்து வரவழைத்துப் பார்த்தார். நினைத்து நடந்தால் நடை வருமா? நொண்டிதான் வந்தது. மனைவி உள்ளே போய், நிலைப்படியில் கையைக் குறுக்கே வைத்தாள்.

“இந்த நடையோட உள்ள வராதீங்க. அந்த ஆள என் வீட்டுக்குள்ள நான் விடமாட்டேன்.”

“நான் என்னடி பண்ணட்டும்?”

“எங்க விட்டீங்களோ அங்க போயி எடுத்துட்டு வாங்க.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. இப்போது தினமும் காலையில் கலைக்கழகம் திறந்ததும் சிற்பி முன்கூடத்துக்குப் போகிறார். காவலாளி ஒரு வணக்கம் வைத்து உள்ளே விடுவார். சிங்கத்தைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பார், பின்னால் நின்று பார்ப்பார், அதன் இடது தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலால் அளந்து தன் தோளையும் அவ்வளவு இறக்குவார். கழுத்தை நீட்டுவார். காலை வீசுவார். நான்கு அடி, ஐந்து அடி, ஒருநாள் ஏழு அடி வரை நிற்காமல் வந்தது.

தலைவர் முன்வாசலைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார். பின்கதவால் வந்து மாடிக்கு ஏறிக்கொள்கிறார். அவருடைய அறை கூடத்துக்கு நேர் மேலே. அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு அவரும் பயிற்சி செய்கிறார் என்று காவலாளி சொன்னார். சிற்பி சிங்கத்தின் முதுகில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். மேலே காலடிச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அமைதி.

“இன்னும் நிக்கிறான்,” என்றார் சிற்பி. முகமெல்லாம் பல்லாக, தோளை இறக்கிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார்.